பழம்பெரும் பிராட்வே பாடகர்களின் தனிக் கச்சேரி: எங்கே உட்காருவது, எதைக் கேட்பது?

கடைசிவரிசை:
எழுபது வயதைத் தாண்டிய ஒரு பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்குகள்) பாடகியின் தனிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறேன். மியூசிக்கல்களை, அதாவது பாட்டோடு கதை சொல்பவற்றை, நாடகமாகத்தான் பார்த்துப் பழக்கம். கதையும் வேஷமும் இல்லாமல் ஒரு பியானோ, ஒரு மைக் மட்டும் என்றால் எப்படிக் கேட்பது? பழைய ஒலிப்பதிவில் இருக்கும் குரல் இப்போது இருக்காது என்பது தெரியும். பெரிய அரங்கா, மேஜையில் சாப்பிட்டபடி கேட்கும் சின்ன கேபரேயா? முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஒன்றரைக்கட்டை:
முதலில் சுருதி. வயதாக ஆகப் பெண்குரல் கீழே இறங்கும். அதனால் பழைய பாட்டுகளை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கித்தான் பாடுவார்கள். ஒலிப்பதிவு காதில் ஊறியிருந்தால் எடுத்த எடுப்பில் ஏதோ தப்பு நடக்கிற மாதிரி இருக்கும். கச்சேரிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, வரிகளை மட்டும் படியுங்கள். அந்தப் பாத்திரம் யாரிடம், எந்த நெருக்கடியில் இதைப் பாடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் வேஷம் இல்லாததால் அந்தச் சூழலை உங்கள் மனதில்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது. வயதான குரலில் அதிர்வு அகலமாகி, வேகமும் குறையும். நீண்ட கார்வையில்தான் அது அப்பட்டமாகத் தெரியும். மூச்சும் முன்போல நீளாது. நல்ல பியானோ கலைஞர் இதை அறிந்து, பாடகி வரியை முடித்த இடத்திலிருந்து மீதியைத் தானே நிரப்புவார். பிராட்வே பாடகி பார்பரா குக்குக்குப் பியானோ கலைஞர் வாலி ஹார்ப்பர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பக்கபலமாக இருந்தது இதனால்தான் அவ்வளவு முக்கியம். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது இசை இயக்குநர் யார், எத்தனை காலமாகச் சேர்ந்து வாசிக்கிறார் என்று பாருங்கள்.

உச்சஸ்தாயியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாட்டின் சொற்களைக் கவனித்துக் கேளுங்கள். 1973இல் நடிகை கிளினிஸ் ஜான்ஸுக்கு நீண்ட கார்வை வராது என்பதால்தான் இசையமைப்பாளர் ஸ்டீவன் சோண்ட்ஹைம் 'செண்ட் இன் த க்ளௌன்ஸ்' பாட்டைச் சின்னச் சின்ன வரிகளாக அமைத்தார். அப்படிப்பட்ட பாட்டுகளை முதுமை தொடுவதில்லை. சொல்லப்போனால் இன்னும் ஆழமாக்குகிறது.

ஒலிமேசை:
முன்வரிசைக்குக் கூடுதல் பணம் வேண்டாம். பெரிய அரங்கில் பிரதான ஸ்பீக்கர்கள் மேலே தொங்கும், அல்லது மேடையின் இரு பக்கமும் இருக்கும். அவற்றின் ஒலி முதல் இரண்டு மூன்று வரிசைகளின் தலைக்கு மேலேயே போய்விடும். அங்கே பியானோ நேரடியாக மோதும், குரல் மட்டும் மேடை விளிம்பிலுள்ள சிறு ஸ்பீக்கரிலிருந்து வரும். பியானோ தூக்கலாகி வரிகள் அமுங்கிவிடும்.

நடுவில் எட்டாவது முதல் பதினைந்தாவது வரிசை வரை நல்லது. பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போகாதீர்கள். உங்கள் இருக்கையிலிருந்து மேலே தொங்கும் ஸ்பீக்கர் தெரியவில்லை என்றால், மெய்யெழுத்துகளின் கூர்மையும் உங்களுக்கு வந்து சேராது. வரிக்காகவே கேட்கப்போகும் கச்சேரியில் இது பெரிய நஷ்டம். பால்கனியின் முதல் வரிசை நடுப்பகுதியில் ஒலி அருமையாக இருக்கும், முகம்தான் தெரியாது. மூன்று அல்லது நான்கு மடங்கு பெரிதாக்கும் சிறு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு என்றால் கை நடுங்குவதும் சேர்ந்து தெரியும். காதுக்கருவி போடுபவர் உடன் வந்தால், லூப் வசதி (அரங்கின் ஒலியை நேரே காதுக்கருவிக்கு அனுப்புவது) உண்டா என்று அரங்கில் முன்பே கேளுங்கள்.

வாய்ப்பிருந்தால் என் ஓட்டு கேபரேக்குத்தான். நியூயார்க்கில் ஸ்டூடியோ 54 அரங்குக்குக் கீழே 2012இல் திறந்த '54 பிலோ' போன்ற இடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் மூச்சு எடுப்பது வரை கேட்கும். மேஜையைப் பிறருடன் பகிர நேரலாம். டிக்கெட்டுக்கு மேல் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு. சீக்கிரம் போய் ஆர்டரை முடித்து, நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிவிடுங்கள். மெல்லிய பாட்டின் நடுவே கரண்டிச் சத்தம் கேட்டால் பாடுபவருக்கும் கஷ்டம்.

திரைவிழுமுன்:
ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னதில் ஒரு திருத்தம். அதே பாடகியின் சமீபத்திய மேடைப் பதிவு கிடைத்தால் அதைக் கேட்கலாம். காது இன்றைய குரலுக்குப் பழகும்.

முதல் இரண்டு பாட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அவை பெரும்பாலும் குரல் சூடேற, நடுஸ்தாயியில் வைப்பவை. கனமான பாட்டு பிற்பகுதியில்தான் வரும். இடையே பேசுவதும் நேரம் கடத்த அல்ல. குரலுக்கு ஓய்வு அங்கேதான் கிடைக்கிறது.

கைதட்டலில் கவனம். துள்ளலான பாட்டு 'டக்'கென்று ஒரு சுருக்கமான ஸ்வரக்கட்டோடு முடியும், உடனே தட்டலாம். மெதுவான பாட்டில் குரல் நின்ற பிறகும் பியானோ போய்க்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை பொறுங்கள். கூடவே பாடாதீர்கள். போனை அணைத்துவிடுங்கள்: 2009இல் 'ஜிப்ஸி' நாடகத்தில் யாரோ படம் எடுத்ததற்காக நடிகை பேட்டி லுபோன் (Patti LuPone) பாட்டையே நிறுத்தினார். நிறுத்தியது நியாயம்.

கடைசிவரிசை:
நன்றி. ஒரே இரவில் இரண்டு காட்சி இருக்கிறது. எது?

ஒன்றரைக்கட்டை:
முதல் காட்சி. இரண்டாவதில் கூட்டம் கலகலப்பாக இருக்கும், ஆனால் எழுபதைத் தாண்டிய குரலுக்கு ஒன்றரை மணி நேரம் பாடிய களைப்பு இருக்கும். இரண்டையும் தவிர்த்து, ஒரே காட்சி மட்டும் உள்ள நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.