கல்லிடைக்குறிச்சி சி.ஜே. 3பி: டீசலோடு ஓட்டலாமா, பெட்ரோலுக்குத் திருப்பணுமா?

அம்பை ஜீப்
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. 1968 மாடல் என்று ப்ரோக்கர் சொல்கிறார். ஆர்.சி. புத்தகத்தை நான் இன்னும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை, போனில் அனுப்பிய படம்தான், அதில் எரிபொருள் பெட்ரோல் என்று இருக்கிறது. ஆனால் பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது டீசல், ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் டிராக்டர் சத்தம். கேட்கிற விலை 2.75 லட்சம். மாஞ்சோலை எஸ்டேட்டில் ஓடிய வண்டி, அதனால்தான் இந்த விலை என்கிறார். எனக்கு டீசலை இறக்கிவிட்டு கம்பெனியில் இருந்து வந்த மாதிரி பெட்ரோல் வண்டியாக ஆக்கணும் என்று ஆசை. வீட்டில் எல்லோரும் ஓடுகிற இன்ஜினை எதற்குக் கழற்றுகிறாய் என்கிறார்கள். உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கப்போகிறேன்.

ஹரிக்கேன் பிரியன்
யோசிக்கவே வேண்டாம், பெட்ரோலுக்குத் திருப்புங்க. அந்த வண்டியின் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு முந்தைய வில்லிஸ் ஜீப்பில் எல்லா வால்வும் பிளாக்கிலேயே, அதாவது இன்ஜினின் கீழ்ப் பாகத்திலேயே இருந்ததால் இன்ஜின் குட்டை, பானெட்டும் தாழ்வு. 1953-ல் சி.ஜே. 3பி-யில் ஹரிக்கேன் என்கிற பெட்ரோல் இன்ஜினை வைத்தபோது இன்டேக் (உள்ளே இழுக்கிற) வால்வு மேலே ஹெட்டுக்குப் போனது, எக்ஸாஸ்ட் (புகை விடுகிற) வால்வு மட்டும் கீழே பிளாக்கில் நின்றது, இன்ஜின் உயரம் கூடியது, அதை மூட பானெட்டையும் கிரில்லையும் உயர்த்தினார்கள். வண்டியின் முகமே அந்த 2.2 லிட்டர் இன்ஜினால் வந்ததுதான். அமெரிக்காவில் 1968-லேயே இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், மஹிந்திரா அதற்குப் பிறகும் இங்கே செய்துகொண்டிருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் வேறு இன்ஜினை வைத்து ஓட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

பேட்டை மேஸ்திரி
தம்பி, எழுதுவது எளிது, செய்கிறவனுக்குத்தான் தெரியும். எங்கள் பட்டறைக்கு வந்த பழைய ஜீப்பில் முக்கால்வாசி டீசலுக்கு மாறினதுதான். தோட்டம், செங்கல் சூளை, கல் குவாரி என்று உழைத்த வண்டிகள் அவை, பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாமல் மாற்றினார்கள், மாற்றினவன் எவனும் விவரம் கெட்டவன் இல்லை. அந்த மாற்றம் இல்லாவிட்டால் இந்த வண்டி அன்றைக்கே காயலான் கடைக்குப் போயிருக்கும், நீங்கள் இன்றைக்குப் பேசுவதற்கு வண்டியே இருக்காது.

அப்புறம் இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்துப் பெட்ரோல் பம்ப்பில் இருக்கும் டயாப்ரம், ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எதுவும் அதற்காகச் செய்ததில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி என்றால் டேங்க்கில் தண்ணீர் சேரும், ஜெட் அடைக்கும். சி.ஜே. 3பி-யில் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா, டிரைவர் சீட்டுக்கு அடியில். அங்கே ஒரு ஹோஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கிடுங்க.

ஹரிக்கேன் பிரியன்
அண்ணாச்சி, ஹோஸும் டயாப்ரமும் எத்தனாலுக்குத் தாங்குகிற ரப்பரில் கிடைக்கிறது, மாற்றினால் தீர்ந்தது. ஆனால் டீசல் போட்டதால் வருகிற கேட்டுக்கு மருந்து இல்லை. இந்த வண்டியின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 5.38 சுற்று சுற்றணும். 16 இஞ்ச் ஜீப் டயரோடு கணக்குப் போட்டுப் பாருங்க, டாப் கியரில் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் வண்டி மணிக்கு 70 சொச்சம் கிலோமீட்டர் போகும். பெட்ரோல் இன்ஜினுக்கு அது சாதாரணம். டிராக்டர் வழியில் வந்த டீசலை அப்படி முறுக்கினால் கதறும், அதனால் 45, 50-லேயே ஓட்டணும். டீசலின் எடையும் சேர்ந்து முன் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, ஸ்டியரிங் இறுகி, இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டை வெல்டிங் வைத்த இடத்தில் சேசிஸ் விண்டு போன வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் கூட ஓடும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் சேசிஸ் போனால் வண்டியே போச்சு.

பேட்டை மேஸ்திரி
70-ல் போய் என்ன செய்யப்போகிறோம்? அம்பையில் இருந்து பாபநாசம் வரைக்கும் 40-ல் போனால் போதும், வயல் வரப்பையும் தாமிரபரணியையும் பார்த்துக்கொண்டே போகலாம். மவுண்ட் விரிசலை நான் ஒத்துக்கொள்கிறேன். அது வெல்டிங் வைத்தவன் செய்த வேலை, இன்ஜின் மேல் பழி போடக்கூடாது. ஒழுங்காகத் தகடு வைத்து, ரப்பர் மவுண்ட் சரியான கடினத்தில் போட்டால் விரிசல் வராது.

தேரிக்காடு
இரண்டு பேரும் இன்ஜினிலேயே நிற்கிறீர்கள். வாங்குகிறவர் ஓட்டணுமா, கும்பிடணுமா? ஐந்து கியர் பாக்ஸ், முன்னால் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், அகல டயர் போடுங்க. திசையன்விளைப் பக்கம் எங்கள் சொந்தத் தோட்டத்துச் செம்மண்ணில் ஒல்லி டயரோடு வந்த ஒரிஜினல் வண்டி எல்லாம் புதைந்துதான் நிற்கும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா ஜீப் தேடுங்க, கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆறு சிலிண்டர், ஏறாத இடம் கிடையாது. என்ன, பெட்ரோல் குடிக்கும்.

ஹரிக்கேன் பிரியன்
அகல டயரும் பவர் ஸ்டியரிங்கும் வேண்டும் என்றால் மஹிந்திராவின் புதுத் தார் ஜீப் வாங்குங்க, அதற்குத்தானே கம்பெனி செய்து விற்கிறது. 1968 வண்டியை எடுத்து இத்தனையும் செய்வது நெல்லையப்பர் தேருக்கு ரப்பர் டயர் மாட்டுகிற மாதிரி. மீதம் இருக்கிற கொஞ்சம் வண்டியையும் இப்படி அறுத்துப் போட்டால் நம் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

செங்கோட்டை செல்வி
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்க. நான் வண்டிப் பேப்பர் வேலை பார்க்கிறவள், அதனால் சொல்கிறேன். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் எந்த இன்ஜின் நல்லது என்ற சண்டைக்கு முன்னால் பேப்பர் பிரச்சினை நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி டீசல் என்று ஆர்.சி.யில் ஏற்றிய வண்டிகள் உண்டு, அவற்றுக்குப் பிரச்சினை குறைவு. ஏற்றாமல் ஓட்டினவர்தான் அதிகம். பதிவு 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தணும். இதில் ஒருநாள் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான்.

வின்டேஜ் பதிவு என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் தெரிந்துகொள்ளுங்க. 2021 ஜூலையில் வந்த விதி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. எழுத்தோடு எண், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் இருக்கணும், தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது மாதிரி வேலைகளுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். மேஸ்திரி அண்ணாச்சி சொல்கிற பாபநாசம் சவாரி அதில் வராது.

இன்னொரு விஷயம், எஸ்டேட் வண்டி என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் 2024-ல் மூடியதில் இருந்து நெல்லைச் சீமையில் விலைக்கு வருகிற ஜீப் எல்லாம் மாஞ்சோலை ஜீப்பாக ஆகிவிட்டது. ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் பெயர் யார் என்று பாருங்க, அதுதான் சாட்சி.

அம்பை ஜீப்
அக்கா, நன்றி. இன்றைக்குச் சாயங்காலம் திரும்பவும் போனேன். ஒரு புது விஷயம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் படப்பு ஓரத்தில், தார்பாய் போட்டு ஒரு இன்ஜின் பிளாக் கிடக்கிறது. கழற்றின பெட்ரோல் இன்ஜின்தான் அது, இந்த வண்டியோடதுதான் என்று வீட்டுப் பெரியவர் சொல்கிறார். ஹெட் தனியாக இருக்கிறது, கார்புரேட்டர் இல்லை. ப்ரோக்கருக்கு அது இருப்பதே தெரியாது போல.

ஹரிக்கேன் பிரியன்
இதைத்தான் எதிர்பார்த்தேன்! உடனே எண்ணைப் பாருங்க. ஹரிக்கேனில் இன்ஜின் எண் வாட்டர் பம்ப் உட்காருகிற இடத்துக்கு மேலே, பிளாக்கின் முன்பக்கம் வலது மூலையில் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீங்க, எழுத்து மழுங்கிப்போகும். அது ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் இந்த வண்டியின் மதிப்பே வேறு.

பேட்டை மேஸ்திரி
எண் ஒத்துப்போனால் நானும் பெட்ரோல் பக்கம் வருகிறேன், ஆனால் பிளாக் உயிரோடு இருந்தால்தான். கொட்டகையில் கிடந்த பிளாக்கில் தண்ணீர் நின்று, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட் துருப்பிடித்து அரித்திருக்கலாம். எக்ஸாஸ்ட் வால்வு சீட் பிளாக்கிலேயே இருப்பதால், இரண்டு சீட்டுக்கு நடுவில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. லேத்துக்கு எடுத்துப்போய் பிரஷர் டெஸ்ட் வைத்துப் பாருங்க. சிலிண்டர் துளை (போர்) எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று அளந்து, அந்தச் சைஸ் பிஸ்டன் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் டீசலில் கை வைக்கணும். வண்டியை முதலில் பிரித்துப் போட்டுவிட்டு அப்புறம் சாமான் தேடுகிறவர்களால்தான் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் ஒரு ஜீப் கோழி அடைகிற கூடாக நிற்கிறது.

சேசிஸையும் பாடியையும் மறக்காதீங்க. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு வெட்டு, டிரைவர் கால் வைக்கிற இடம், பின் சக்கரத்துக்கு மேல் மடிப்பு எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்க. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. மேல் பளபளப்புக்குக் காசு கொடுக்காதீங்க.

தேரிக்காடு
நான் இன்னும் ஐந்து கியர் கட்சிதான். ஆனால் எண் ஒத்துப்போகிற பிளாக் கிடைத்தால் அதில் நானும் கை வைக்க மாட்டேன், வேறு சேசிஸ் பார்ப்பேன்.

செங்கோட்டை செல்வி
அந்தப் பெரியவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா? வேறு என்றால் நடுவில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்க. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பதிவில் இருக்கிற உரிமையாளர்தான் கையெழுத்துப் போடணும், அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். ப்ரோக்கர் கையெழுத்தை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீங்க. சேசிஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்துவாங்க. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கோணலாக இருந்தாலோ, பக்கத்தில் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ பேசாமல் திரும்பி வந்துவிடுங்க. வேறு வண்டிப் பேப்பரைப் புதுத் தகட்டில் கட்டிய பாடிக்கு ஒட்டி விற்கிற வேலை நிறைய நடக்கிறது.

அம்பை ஜீப்
சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்சில், தாள், காந்தத்தோடு போகிறேன். ஆர்.சி.யை அசலாகக் கையில் கொடுத்தால்தான் பேச்சு. மேஸ்திரி அண்ணாச்சி, சேசிஸுக்கு அடியில் பார்க்க நீங்கள் ஒரு நடை வரமுடியுமா? கூலி என்னவோ சொல்லுங்க.

பேட்டை மேஸ்திரி
கூலி அப்புறம் பேசலாம். பிளாக்கைத் தூக்க நாலு ஆளும் ஒரு லோடு ஆட்டோவும் சொல்லிவையுங்க. பெரியவரிடம் பிளாக்கும் ஹெட்டும் வண்டி விலைக்குள் அடக்கம் என்று முதலிலேயே பேசிவிடுங்க. ஹரிக்கேன் தம்பி, கார்புரேட்டர் உங்களிடம் இருந்தால் விலை சொல்லும்.

ஹரிக்கேன் பிரியன்
ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர் இருக்கிறது, அதன் ரிப்பேர் கிட் மாற்றணும். எண் ஒத்துப்போனால் காசு வேண்டாம், வாங்கிக்கிடச் சொல்லுங்க. ஒத்துப்போகாவிட்டால் வாங்கின விலைக்குத் தருகிறேன்.