‘மோன் ஓங்கிள்’ பிரெஞ்சுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு படம் போடுகிறோம். அடுத்தது பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் நகைச்சுவைப் படம் ‘மோன் ஓங்கிள்’ (‘என் மாமா’, 1958). ஆஸ்கர் வாங்கிய படம்தான், ஆனால் குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து சிரிக்கலாம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தோம். வாசல் மணி அடித்தால் படத்தில் வரும் நவீன வீட்டின் அம்மாள் ஓடிப்போய் மீன் வடிவ நீரூற்றைத் திறந்துவிடுவார். வந்தது விருந்தாளி இல்லை என்று தெரிந்தால் சட்டென்று மூடிவிடுவார். என்ன ஒரு சிக்கனம்!

சிக்கல் என்னவென்றால், தாத்தி இதை பிரெஞ்சு, ஆங்கிலம் என்று இரண்டு வடிவங்களில் எடுத்தார். எங்களிடம் இருப்பது ஆங்கிலம். அது கொஞ்சம் நீளம் குறைவு. பெயர்ப்பலகைகள்கூட ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாரிஸ் தெருவில் அது உறுத்துகிறது.

பிரெஞ்சு ப்ளூ-ரே சென்னையில் யாராவது இரவல் தருவீர்களா? பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் நூலகத்தில் கிடைக்குமா? பொதுவில் திரையிட அனுமதி யாரிடம் கேட்பது?

அப்புறம், தமிழ் சப்டைட்டில் அவசியமா? வசனமே குறைவு, அதுவும் பாதி முணுமுணுப்பு. எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் திரையின் மூலையில் நடக்கும் வேடிக்கை போய்விடும். சப்டைட்டில் இல்லாமல் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.