கூத்துப் பழகின இரவுகள்: திருகோணமலை மாவட்டத்தாரின் அனுபவங்கள்

சம்பூரான்:
2006 ஏப்ரலில் போரால் சம்பூரை விட்டு வெளிக்கிட்டோம். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம்களிலேயே வருசங்கள் போயின. 2015இல்தான் காணிகள் விடுபடத் தொடங்கின. வீடு வாசல் போன கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் பாட்டெல்லாம் எழுதி வைத்திருந்த கூத்துக் கொப்பியின் கதையைச் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, முன்பு ஆடிய வடமோடி வகைக் கூத்து ஒன்றைப் பெடியன்களுக்குப் பழக்க நினைத்தோம். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் காலமாகிவிட்டார். அவருடைய கொப்பியும் இடப்பெயர்வோடு போய்விட்டது. பழைய ஆட்டக்காரர் இரண்டு பேரிடம் அவரவர் சட்டம், அதாவது தங்கள் வேசத்துக்குரிய பாட்டு எழுதிய பிரதி மட்டும் மிச்சம். அர்ச்சுனனின் பாட்டு கையில் இருக்கிறது, எதிரே நிற்பவன் என்ன பாடினான் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம் கோயில் வெளியில் பெடியன்கள் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்க, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "டேய் தம்பி, அது அப்படியில்ல" என்று எடுத்தார் பாருங்கள்! அவர் கூத்தாடுகிற களரியில் ஏறியவரே அல்ல, அந்தக் காலத்தில் பெண் வேசமும் ஆண்கள்தானே கட்டினார்கள். ஆனால் கூத்துப் பழக்கம் மாதக்கணக்காக நடந்தது அவருடைய வளவில். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தே முழுக் கூத்தும் பாடமாகியிருக்கிறது. உரலைத் தட்டித் தட்டி அவர் பாட, மத்தளக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். இடையில் ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, நினைவுக்கு வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த இடத்திலதான் எங்கட இவர் பிழை விடுவார், அண்ணாவியாரும் ஏசுவார்" என்று சிரித்தார். அடுத்த வரி தானாக வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. காணி திரும்பக் கிடைத்ததும் எல்லைச் சண்டையும் கூடவே வந்ததல்லவா? முகம் பாராத இரண்டு வீட்டுப் பெடியன்களுக்கு ஒரே கூத்தில் அண்ணன் தம்பி வேசம். சதங்கை அணிகிற அன்று இரண்டு தாய்மாரும் ஒரே அடுப்படியில் நின்றார்கள். வேலி இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.

மூதூர் வாசகன்:
எங்கட பக்கம் களிகம்பு, கம்பு தட்டி ஆடுகிற ஆட்டம். உம்மாவின் வாப்பா கல்யாண வீடுகளில் ஆடுவார். கம்பு ஒரு தட்டுப் பிந்தினால் பக்கத்தில் நிற்பவனின் விரல் போகும், அதனால் அடுத்தவனைப் பார்த்தே ஆட வேண்டும். 2006 ஓகஸ்டில் நாங்கள் கந்தளாய்க்கு ஓடினபோது ஒருவரும் கம்பு எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்தபோது பழக்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நகரத்து ரசிகை:
எனக்கு ஒரு ஆத்திரம். விழாவென்று கூப்பிட்டு, விடிய விடிய ஆடுகிற கூத்துக்குப் பத்து நிமிசம் தருகிறார்கள், அதுவும் அதிதிகள் உரைக்குப் பிறகு. சுருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கித்தான் மேடையேற்றினார். ஆனால் அண்ணாவிமாரோடு இருந்து, ஆட்டம் தெரிந்து சுருக்கினார். இங்கே கூத்தைத் தொடக்கி வைக்கிற கட்டியகாரன் வந்து போவதற்குள் மணி அடித்துவிடுகிறார்கள்.

சம்பூரான், ஆச்சி பாடியதைப் பதிந்து வைத்தீர்களா?

சம்பூரான்:
போனில் இருக்கிறது அக்கா. இப்போது இரண்டு பெட்டைகள் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறார்கள். அடுத்த கூத்தில் தங்களுக்கும் சட்டம் வேண்டுமாம்.