தயக்கத்துக்கு மதிப்பெண் போட முடியுமா?

கிழக்குக்கரை:
அமெரிக்காவில் 2022இல் புதிதாக எச்ஐவி தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மக்கள்தொகையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றுவதை 99 சதவீதம் தடுக்கும் பிரெப் மாத்திரை 2012 முதல் அங்கே இருக்கிறது. அது ஏன் இவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று பார்க்கக் கேள்வித்தாள் போடுகிறார்கள். 'கிளினிக்குக்குப் போகப் பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி. அதை எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று 1 முதல் 5 வரை ஐந்து கட்டம், 5 என்றால் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இது வீண் வேலை என்பேன். காப்பீடு இல்லை, குடியேற்ற ஆவணம் இல்லை. தடை ஊரறிந்ததுதானே?

எண்ணும் எழுத்தும்:
ஊரறிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன், ஆவணப் பயம் அவருக்குக் கிடையாது. அவரும் பிரெப் பக்கம் வரவில்லை என்றால் காரணம் வேறு. மயாமியில் புதிதாக வந்து இறங்கிய வெனிசுவேலாக்காரருக்கு வேறு. இருவரையும் 'லத்தீனோ' என்று ஒரே மூட்டையில் கட்டினால் பணம் தப்பான இடத்துக்குப் போகும். பிரித்துக் காட்டத்தான் இப்படி மதிப்பெண் போடும் கேள்வித்தாள், அதாவது அளவுகோல்.

தூறல்:
பிரித்துக் காட்டுகிறதா? அந்தக் 'கிளினிக் பயம்' வரிக்கு இரண்டு பேர் 5 போடுகிறார்கள். ஒருவருக்குக் குடியேற்ற அதிகாரிகள் வந்துவிடுவார்களோ என்ற பயம். இன்னொருவருக்கு அங்கே வேலை செய்யும் சித்தி மகள் பார்த்துவிடுவாளோ என்ற பயம். எண் ஒன்று, வாழ்க்கை இரண்டு. அப்புறம், கேள்வித்தாளைக் கிளினிக் வாசலில் கொடுக்கிறீர்கள் என்றால், வாசலுக்கே வராதவர் கணக்கில் வரவே மாட்டார்.

எண்ணும் எழுத்தும்:
சரி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அது மோசமாகச் செய்த அளவுகோலின் குறை. முதலில் அந்த ஆண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். 'யார் பார்த்துவிடுவார்கள்' என்பதும் 'எதற்காகப் பயம்' என்பதும் தனித்தனி வரியாக வர வேண்டும். மெக்சிகோக்காரரின் ஸ்பானிஷும் கியூபாக்காரரின் ஸ்பானிஷும் அச்சாக ஒன்றல்ல, அதனால் இரு தரப்பிடமும் வாசித்துக் காட்ட வேண்டும். இன்னொன்று: உதவுவது எது என்பதைத் தனியாக அளக்க வேண்டும். தடை குறைந்தாலே ஒருவர் வந்துவிட மாட்டார். ஸ்பானிஷ் பேசும் நர்ஸ், ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் நண்பன், விஷயம் தெரிந்தும் கூடவே நிற்கும் அம்மா, இவர்கள்தான் ஒருவரைக் கிளினிக் வரை கூட்டிவருவார்கள்.

கிழக்குக்கரை:
அம்மா வரட்டும், மாத்திரைக்குக் காசு? தொற்று வந்த பிறகு காப்பீடு இல்லாதவருக்கும் ரையன் வைட் என்ற அமெரிக்க அரசின் எச்ஐவி உதவித் திட்டம் மருந்துக்கு வழிசெய்கிறது. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை வாங்க அந்தப் பணத்தைத் தொட முடியாது. இதைச் சொல்ல எந்த அளவுகோலும் வேண்டாம். சட்டத்தை வாசித்தால் போதும்.

எண்ணும் எழுத்தும்:
அந்தச் சட்டம் மாற வேண்டும், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் மாத்திரை இலவசமாகவே கிடைத்தாலும், தம்பிகளோடு ஒரே அறையில் படுக்கும் இருபது வயதுப் பையன் டப்பாவை எங்கே ஒளித்துவைப்பான்? மாத்திரைக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் பிரெப் ஊசிக்கு 2021 டிசம்பரிலேயே அனுமதி வந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது அதுதான். 'டப்பாவை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களா' என்று கேட்டால்தான் அது தெரியும்.

கிழக்குக்கரை:
அந்தக் கேள்வியை ஏற்கிறேன். ஊசிக்கு யார் பணம் கட்டுவார் என்பதையும் அடுத்த வரியிலேயே கேளுங்கள்.