எஸ்ஐஎஸ் 20 சதவீதம்: டொலுயீனில் ஓடுகிறது, டெட்ராடெக்கேனில் அசையவே இல்லை

கரைசல்வாசி:
ஸ்டைரீன்-ஐசோப்ரீன்-ஸ்டைரீன் (எஸ்ஐஎஸ்) டிரைபிளாக், அதாவது மூன்று துண்டுகள் வரிசையாகக் கோத்த பாலிமர் சங்கிலி, ஸ்டைரீன் 15 சதவீதம். எடையில் 20 சதவீதமாக இரண்டு குப்பிகளில் கரைத்தேன். டொலுயீனில் போட்டது தேன் மாதிரி வழிகிறது. டெட்ராடெக்கேனில் போட்டது சூடாக்கித்தான் கரைந்தது, ஆறியதும் குப்பியைக் கவிழ்த்து வைத்தாலும் விழவில்லை, உள்ளே மாட்டிய காற்றுக்குமிழிகூட மறுநாள் அதே இடத்தில் இருக்கிறது. டெட்ராடெக்கேனே கொஞ்சம் கெட்டி என்பதாலா?

மிசெல்:
இல்லை. 25 டிகிரியில் டொலுயீனின் பாகுத்தன்மை சுமார் 0.56 மில்லிபாஸ்கல்-நொடி, டெட்ராடெக்கேனுக்கு 2 சொச்சம். நாலு மடங்கு வித்தியாசத்தில் எந்தக் கரைசலும் உறைந்து நிற்காது. கரைப்பானுக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்பதுதான் விஷயம். டொலுயீனுக்கு இரண்டுமே பிடிக்கும், அதனால் சங்கிலிகள் கலந்து கிடக்கின்றன, பின்னிக்கொண்டாலும் நழுவிப் போக முடிகிறது. டெட்ராடெக்கேனுக்கு ஐசோப்ரீன் மட்டும்தான் பிடிக்கும், ஸ்டைரீன் முனைகள் ஒன்றுகூடி உருண்டைகளாகிவிடும், ஒரே சங்கிலியின் இரு முனைகளும் வெவ்வேறு உருண்டைகளில் சிக்கினால் நடுத்துண்டு பாலமாக நிற்கும். உங்கள் குமிழியைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பாலங்கள்தான். சூடாக்கினால் முனைகள் உருவிக்கொண்டு வெளியே வரும், அப்போது ஓடும்.

நீள்சங்கிலி:
சரியான விளக்கம். ஆனால் திடம் மாதிரி நிற்க பாலம் கட்டாயம் என்று நினைத்துவிட வேண்டாம். புளூரானிக் எஃப்127 என்ற இன்னொரு டிரைபிளாக்கை நீரில் 20 சதவீதம் கரைத்துப் பாருங்கள், குளிரில் ஓடும், அறை வெப்பத்தில் ஜெல்லாகிவிடும். அங்கே நீருக்குப் பிடிக்காதது நடுத்துண்டு, அது உருண்டைக்குள் மடங்கிப் போய்விடுவதால் பாலத்துக்கு வழியே இல்லை. உருண்டைகள் படிகம் போல நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால்தான் நிற்கிறது. விரலால் அழுத்தமாகத் தள்ளினால் நகரும், விட்டால் மறுபடி நிற்கும்.

கரைசல்வாசி:
இப்போதுதான் புரிகிறது, மிக்க நன்றி. இன்னொன்று: ரியோமீட்டரில் (தட்டுகளுக்கு நடுவே வைத்து ஓட்டத்தையும் விறைப்பையும் அளக்கும் கருவி) டெட்ராடெக்கேன் ஜெல்லை மூன்று முறை ஏற்றினேன், மூன்று முறையும் வேறு வேறு மதிப்பு.

மிசெல்:
ஏற்றும்போது தட்டுகள் நசுக்கியதை அது நினைவில் வைத்திருக்கும். ஓடும் வரை சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். முதலில் சிறிய அலைவீச்சில் அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள், சேமிப்பு மாடுலஸ் (திடம் போல மீளும் பங்கு) அதிர்வெண்ணோடு அவ்வளவாக மாறாமல் இழப்பு மாடுலஸுக்கு (திரவம் போல ஓடும் பங்கு) மேலேயே இருந்தால் வலை சரியாக அமைந்திருக்கிறது. வழவழப்பான தட்டில் ஜெல் வழுக்கும், சொரசொரப்பானது போடுங்கள். டொலுயீன் மாதிரியை மட்டும் மூடியில்லாமல் அளக்காதீர்கள், ஓரம் காய்ந்து தோல் கட்டினால் வரும் எண் கரைசலுடையது அல்ல.

கரைசல்வாசி:
மூடி போடவே இல்லை. டொலுயீன் எண்களையும் மறுபடி எடுக்கிறேன்.