ஈ சரி, கூட்ஸ் வண்டிதான் இடிக்கிறது

('நம்ம வீடு' குழு, ஞாயிறு இரவு)

குமார் மாமா: டி.வி.யில் மறுபடி 'நான் ஈ'. 2012இல் வந்த படம், இன்னும் நடுவில் எழுந்திருக்க முடியவில்லை.

நித்யா: மாமா, நேற்று அந்த ரயில் படத்தைப் பாதியிலேயே அணைத்துவிட்டுக் கத்தினீர்களே, நம்புற மாதிரி எடுக்கத் தெரியாதா என்று. செத்தவன் ஈயாகப் பிறந்து பழிவாங்குவது மட்டும் நம்புற மாதிரியா? 😄

குமார் மாமா: அது வேறு, இது வேறு.

நித்யா: எப்படி?

குமார் மாமா: கூட்ஸ் ஓட்டியே ரிட்டயர் ஆனவன் நான். லோடு ஏற்றிய 58 வேகன், 5000 டன் வாக்கில் எடை. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் போய்த்தான் நிற்கும். அந்தப் படத்தில் டிரைவர் குழந்தையைப் பார்க்கிறார், பிரேக் போடுகிறார், வண்டி இரண்டு முழம் முன்னால் நிற்கிறது. சைக்கிளா அது?

செந்தில்: அப்பா, ஈ ஒரு மாசம் இருந்தாலே அதிகம். அதற்குக் கணக்குப் பார்க்க மாட்டீங்களா?

குமார் மாமா: மாட்டேன். இது மறுபிறவிக் கதை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான், நானும் சரி என்றுவிட்டேன். அப்புறம் அவன் ஏமாற்றவும் இல்லை. ஈ வாய் திறந்து காதலியோடு பேசாது, அவள் கண்ணீரைத் தொட்டு எழுதித்தான் தான் யாரென்று சொல்லும். அதற்கு முகமூடி வேண்டுமா, அவள் நுண்சிற்பம் செய்கிறவள். அதையும் முன்னாடியே காட்டியாச்சு. ரயில் படத்துக்காரன் நம்ம ஊர் ஸ்டேஷன், நம்ம சிக்னல் என்று காட்டிவிட்டு வண்டியை மட்டும் மாயவண்டி ஆக்கினால்?

வாசுகி அத்தை: 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று தொல்காப்பியர் கற்பனை, உலக நடப்பு இரண்டையும் சேர்த்துத்தானே சொல்கிறார்.

குமார் மாமா: கூட்ஸை நாடக வழக்கில் ஓட்டினால் சார்ஜ் ஷீட் வரும் டீச்சர்.

வாசுகி அத்தை: 🙄 ஆனால் நீங்கள் சொல்வதும் சரிதான். என் பாம்பு சீரியலில் இந்த வாரம் அவளைக் குடோனில் பூட்டிவிட்டார்கள். நினைத்த நேரம் பாம்பாக மாறுகிறவள், மூன்று நாளாக உள்ளேயே உட்கார்ந்து அழுகிறாள். கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி, டி.வி.யிலேயே தெரிகிறது!

செந்தில்: 😂😂 அத்தனையும் பார்த்தீங்களா அம்மா?

வாசுகி அத்தை: திங்கட்கிழமையாவது மாறுவாளா என்று பார்க்கத்தான்.

பாட்டி: 🎤 (நித்யா எழுத்தாக்கியது) பிணத்துக்குள்ளே இருந்து வேதாளம் பேசுதுன்னா ஒரு பிள்ளையும் ஏன்னு கேட்டதில்லை. ஒருநாள் தூக்கக் கலக்கத்துல, ராஜா பதில் சொன்ன அப்புறமும் வேதாளத்தைத் தோள்லயே வச்சுட்டேன். அஞ்சு வயசு செந்தில் எழுந்து உட்கார்ந்து, "தப்பு, அது முருங்கை மரத்துக்குப் போகணும்"ங்கிறான்.

நித்யா: அப்போ கடைசியில் எப்படித்தான் பிடிபட்டது?

பாட்டி: 🎤 கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கே பதில் தெரியலை, பேசாம நடந்தான். தெரிஞ்சும் சொல்லாட்டித்தானே தலை வெடிக்கும்?

செந்தில்: அடடா. சொன்ன விதியை வைத்தே முடித்திருக்கிறார்கள். என்ன கேள்வி அது?

பாட்டி: 🎤 ஒரு அப்பனும் மகனும் காட்டுல ரெண்டு பெண்களோட காலடியைப் பார்த்தாங்க. பெரிய காலடி அப்பனுக்கு, சின்னது மகனுக்குன்னு பேச்சு. போய்ப் பார்த்தா அவங்க தாயும் மகளும், பெரிய காலடி மகளோடது! பேச்சு மாறாம அப்படியே கட்டிக்கிட்டாங்க. ரெண்டு ஜோடிக்கும் ஆண்பிள்ளை பிறந்தா, ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன முறை?

குமார் மாமா: சுலபம். அப்பன் பிள்ளை மகனுக்குத் தம்பி. அதனால் மகன் பிள்ளைக்குச் சித்தப்பா.

நித்யா: ஆனால் மாமா, மகன் பிள்ளையைப் பெற்றவள், அப்பன் கட்டிய பெண்ணின் அம்மா. அக்கா பிள்ளைக்கு அவன் தாய்மாமன் இல்லையா?

குமார் மாமா: சித்தப்பாவுக்கே தாய்மாமனா? இரு, பேப்பர் எடுத்து வருகிறேன்.

(பத்து நிமிடம் கழித்து)

குமார் மாமா: பேப்பரில் போட்டாலும் அதேதான் வருகிறது.