புதுப்பிப்பு: கிணத்து மோட்டர் திருத்தியாச்சு

முன்னம் கேட்டிருந்தன்: கிளிநொச்சித் தோட்டத்துக் கிணத்து மோட்டர் உறுமுது, சுத்துதில்லை, திருத்துறதோ, புதுசு எடுக்கிறதோ எண்டு. கனபேர், மோட்டர் சுத்தத் தொடங்க உதவுற கப்பாசிட்டரைப் பாக்கச் சொன்னியள். மாத்தியும் அதே உறுமல்தான்.

கழட்டிப் பாத்தா, பம்ப் தண்ணி மோட்டருக்குள்ள போகாமல் தடுக்கிற சீல் தேய்ஞ்சு தண்ணி கசிஞ்சு, முன்பக்கப் பெயரிங் கறள் பிடிச்சு இறுகிக் கிடக்கு. வைண்டிங் (மோட்டருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள்) எரியேல்லை, மின்கசிவு பாக்கிற மெகர் மீற்றர் வச்சுப் பாத்தாச்சு. திருத்துறதெண்டு முடிவெடுத்தது அதாலதான். வைண்டிங் போயிருந்தாலோ, பம்ப் கூடு வெடிச்சிருந்தாலோ புதுசுதான் எடுத்திருப்பன். சீலும் ரெண்டு பெயரிங்கும் மாத்தினம். (கடைக்காரர் புதுசை விக்கிறதிலதான் நிண்டவர்!) இப்ப மிளகாய்க்கு இறைக்குது.

சீல் போனதுக்குக் காரணம், கிணறு வத்தேக்க மோட்டர் தண்ணியில்லாமல் ஓடினது. சீலைக் குளிர வைக்கிறதே தண்ணிதான். தண்ணி இறங்கினா மோட்டரைத் தானா நிப்பாட்டுற மிதவைச் சுவிச் ஒண்டு போடப்போறன்.